கண்ணாடிப் பெட்டியின் மூடி

ஆஸ்துமாவுக்கு மூலிகை என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். டீக்கடையில் இதற்காகவே என்னைச் சீண்டுவார்கள். இந்த இலை கேட்குமா, அந்த வேர் கேட்குமா என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். மருந்து ஆராய்ச்சி நடந்த இடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன், எனக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. நான் கொட்டியது நிஜமான குப்பை. எலிக்கூண்டு கழுவியவனிடம் வைத்தியம் கேட்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு இலையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அது ஆஸ்துமாவுக்குக் கேட்குமா கேட்காதா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

என் மனைவிக்கு இளைப்பு. கல்யாணமான முதல் தையிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம், குடமுருட்டிக்குத் தெற்கே. இரண்டு பேரும் ஒரே பண்ணையில் வேலை. நடவில் அவள் வரிசைக்கு முதல் ஆள். சேற்றில் குனிந்தால் பொழுது சாயும்வரை நிமிர மாட்டாள். பேச்சும் ஓயாது. அதே ஆள் அறுவடைக் களத்துக்கு வந்தால் அரை நாள் தாங்க மாட்டாள். நெற்கட்டை அடிக்கும்போது கிளம்புகிற சுணைத்தூசு இருக்கிறதே, நமக்கெல்லாம் உடம்பு அரிக்கும், அவ்வளவுதான். அவளுக்கு அது நெஞ்சை அடைத்துவிடும்.

முதலில் மூக்கின் இரண்டு பக்கமும் விரிய ஆரம்பிக்கும். பிறகு கழுத்துக்குக் கீழே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வரும். அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிடும். எந்நேரமும் பேசுகிற பெண் பேச்சை நிறுத்திவிட்டு, தூணைக் கட்டிக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி இறக்குவாள். விசில் மாதிரி ஒரு சத்தம் உள்ளேயிருந்து வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவுவேன். தடவினால் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்க முடியாததால் தடவினேன். இந்தப் படிகளை எல்லாம் நான் அப்படி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், மூக்கு, குழி, பேச்சு என்று. அந்தப் பாடம் பின்னால் எனக்கு ஒரு பொறுப்பை வாங்கிக் கொடுத்தது, வினையையும் வாங்கிக் கொடுத்தது.

அறுவடைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போனால்தான் எங்கள் பக்கத்தில் வருஷத்துக்குச் சோறு. அதனால் அவள் போகாமல் இருக்க முடியாது. சொல்லாத மருந்து இல்லை. ஆடாதோடை இலையைக் கஷாயம் வைத்தோம். தூதுவளையைத் துவையலாக அரைத்தோம். கண்டங்கத்திரிக்காயைப் பொடி பண்ணித் தேனில் குழைத்தோம். சளி இளகும், இளைப்பு போகாது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் ஊமத்தை இலையைக் காயவைத்துச் சுருட்டிப் புகை பிடிக்கச் சொன்னார். மூச்சு கொஞ்சம் விட்டது உண்மைதான். ஆனால் அன்று முழுக்க அவள் வீட்டில் இல்லாத ஒரு பூனையை விரட்டிக்கொண்டிருந்தாள். அந்த மனிதரை நான் ஆறு மாதம் திட்டினேன்.

அந்தக் கோடையில் எருவுக்காக வயலில் ஆட்டுக் கிடை போட ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண், என் மனைவி வயசுதான் இருக்கும், அவளுக்கும் இளைப்பு. ஆட்டோடு படுக்கிறவளுக்கு ரோமமும் புழுதியும் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிச் சிரித்தாள். பண்ணையின் தென்னந்தோப்பு வேலியில் படர்ந்திருந்த ஒரு கொடியை அவள்தான் காட்டினாள். நஞ்சறுப்பான், நாய்ப்பாலை என்றும் சொல்வார்கள். எங்கள் ஆடுகள் எந்த வேலியையும் மொட்டையடிக்கும், இதில் மட்டும் வாய் வைக்காது, அதனால்தான் கவனித்தேன் என்றாள். விடிகாலை வெறும் வயிற்றில் ஒரே ஒரு பச்சை இலை, இரண்டு மிளகு, மென்று விழுங்க வேண்டும். ஆறு காலை. அதற்கு மேல் கூடாது. வாய் புண்ணாகும், உப்பு சப்பு தெரியாது, குமட்டும், பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த அறுவடைக்கு முன்னால் என் மனைவி ஆறு காலை தின்றாள். வாய் புண்ணாகி, மூன்றாம் நாளே கஞ்சியில் உப்பு போட்டாயா என்று என்னிடம் சண்டை. ஆனால் அந்தத் தையில் களத்தில் நின்றாள். முழுசாக நின்றாள் என்று சொல்ல மாட்டேன். நாலு நாள் நின்றாள், ஐந்தாம் நாள் இரைத்தது, ஆறாம் நாள் மறுபடி வந்தாள். களத்தில் அவள் பேச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் கட்டு அடித்தேன். அது இலையின் வேலையா, அந்த வருஷம் பனி குறைவா, கிடைக்காரி சொன்ன விதத்தில் வந்த தைரியமா, அன்று நான் யோசிக்கவே இல்லை. சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த வருஷம் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஆட்சி மாறி, சுவரெல்லாம் உதயசூரியன் எழுதிய காலம். எங்கள் பக்கத்தில் அதற்கு எதிர் வரிசையில் செங்கொடி. கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டோம். பண்ணைகள் முடியாது என்றன. தாசில்தார் ஆபீசில் பேச்சு வார்த்தை, பிறகு பேச்சு முறிவு, மறுபடி பேச்சு. குறுவை அறுவடை முடிந்ததுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, தை அறுவடைக்கு வேலைநிறுத்தம் என்று. சங்கத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். நிறுத்தம் தொடங்கிவிட்டால் பண்ணை மண்ணில் ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. ஆடு மேய்க்கக் கூடாது, சுள்ளி பொறுக்கக் கூடாது. எங்கள் தெருவுக்கு அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கொடி படர்ந்திருந்த வேலி பண்ணை மண்ணில் இருந்தது.

நிறுத்தத்தின்போது யாருக்கும் தெரியாமல் ஒரு இலை பறித்து வந்தால் என்ன என்று அவளிடம் கேட்டேன். அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்களே போனா நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு காரணத்தோட போவாங்க. எல்லார் வீட்டுலயும் ஒரு நோவு இருக்கு."

சங்கத்துக் கூட்டங்களில் நான்தான் அப்படிப் பேசுகிறவன், அதை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டாள். நிறுத்தம் எந்த நாளில் தொடங்கும் என்று தெரியாததால் முன்கூட்டியே, ஐப்பசியில், இலையைச் சேர்த்து வைக்கப் போனேன். ஒரு முறம் நிறையப் பறித்தேன். பச்சையாகத் தின்ன வேண்டும் என்று கிடைக்காரி சொன்னது நினைவு இருந்தது. பச்சை இலை தைவரை நிற்காதே, காய்ந்தாலும் சத்து எங்கே போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐப்பசி மழையில் வெயில் ஏது, கூரைக்குள்ளேயே பாயில் பரப்பி நாலு நாள் வைத்தேன். காய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பொருள் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் தெரிந்த இடம் ஒன்றுதான், விதைக்கோட்டை. எனக்குப் பண்ணை வேலை போக ஒரு மா நிலம் குத்தகைக்கு இருந்தது. அதில் விளைந்த குறுவையில் விதைநெல்லை அப்போதுதான் எடுத்து வைத்திருந்தேன். வைக்கோலைப் பரப்பி, நடுவில் நெல்லைக் கொட்டி, வைக்கோல் பிரியால் இறுக்கிச் சுற்றி, தட்டித் தட்டி உருட்டி, மேலே சாணி மெழுகினால் பூச்சி அண்டாது, எலி தொடாது. அதை எவனும் காரணமில்லாமல் அறுக்க மாட்டான். நெல்லுக்கு நடுவில் ஒரு துணிப்பொட்டலமாக இலையை வைத்துக் கட்டினேன். தையில் இளைப்பு வந்தால் மட்டும் அறுத்து எடுத்து, மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பு. நான் கட்டிய கோட்டைகளிலேயே அதுதான் அழகானது. என் மனைவி பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வர்றாங்களா இதை" என்று கேலி பண்ணினாள்.

மார்கழியில் தெருவுக்குள் போலீஸ் வந்தது. கம்பு, அரிவாள் இருக்கிறதா என்று குடிசை குடிசையாகப் புகுந்து பானைகளைக் கவிழ்த்தார்கள். கோட்டையை ஒருவர் காலால் தள்ளிப் பார்த்தார், அது உருண்டு சுவரில் மோதி நின்றது. அவர்கள் போன பிறகு நான் அதைத் தடவிப் பார்த்து, பார்த்தாயா, எங்கே வைத்தேன் பார் என்று அவளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

தை பிறந்தது. நாங்கள் தெருவில் உட்கார்ந்திருந்தோம். பண்ணை வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து அறுத்தது. களம் எங்கள் தெருவுக்கு மேற்கே இருந்தது. அவர்கள் கட்டடிக்க ஆரம்பித்ததும் காற்று சுணையை எங்கள் கூரைமேல் கொண்டுவந்து கொட்டியது. நாங்கள் தொடாத நெல்லின் தூசு எங்கள் வீட்டுக்குள் வந்தது. முதல் நாளே அவளுக்கு மூக்கு விரிந்துவிட்டது. இரண்டாம் நாள் கழுத்துக் குழி.

மூன்றாம் நாள் விடிந்ததும் கோட்டையை அறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனி மாதம்வரை திறக்கக் கூடாத கோட்டை. விதை கெட்டாலும் கெடட்டும் என்று அவளிடம் சொன்னபோது அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பேச முடியவில்லை. வெளியே தூசு பறந்துகொண்டிருந்ததால் கதவைச் சாத்தினேன். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தேன். ஓட்டையாக இருந்த பக்கம் பாயை மாட்டினேன். ஒரு பொட்டுத் தூசு உள்ளே வரக் கூடாது என்று அவ்வளவு கவனம். பிறகு அந்த மூடிய அறைக்குள், அவளுக்கு இரண்டு முழ தூரத்தில், உட்கார்ந்து பிரியை அறுத்தேன்.

உள்ளே எல்லாம் பூத்துப்போயிருந்தது. சரியாகக் காயாத இலையின் ஈரம் நெல்லுக்கு ஏறி, நெல் வைக்கோலுக்குக் கொடுத்து, எல்லாம் சாம்பல் பச்சையாகப் பூஞ்சாணம் பிடித்திருந்தது. நான் பிரித்த வேகத்தில் அது புகையாக எழும்பிக் குடிசை முழுக்க நிறைந்தது. எனக்கே தொண்டை கமறியது. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து அவளை வெளியே தூக்கிவருவதற்குள் உதடு நீலமாகிவிட்டது.

தெருவே திரண்டு வந்தது. கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் வரப்பு வழியாகவே ரோட்டுக்குத் தூக்கினார்கள். அந்த வரப்பு பண்ணையுடையது. ஒருத்தரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசி போட்ட கம்பவுண்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் பிழைத்தாள். அதற்குப் பிறகு மட்டமாகப் படுத்து அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. தலைக்கு மூட்டை வைத்து உட்கார்ந்த வாக்கில்தான் தூக்கம். என்னை ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. மற்றவர்கள் கேட்டால், காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்பாள்.

நிறுத்தம் ஒருவழியாக முடிந்தது. எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள், என்னைக் கூப்பிடவில்லை. விதை இல்லாமல் குத்தகைக்கு எடுத்த அந்த ஒரு மா நிலமும் தரிசாகக் கிடந்தது. அந்தக் கோடையில் நானாகவே குத்தகையை விட்டுக்கொடுத்துவிட்டதாக ஒரு காகிதம் கிளம்பியது. நான் சண்டை போட்டேன், மனு எழுதினேன், நடையாய் நடந்தேன். அவளுக்கு ஊர்க் களத்துத் தூசு இல்லாத இடம் வேண்டும் என்பதுதான் கடைசியில் என்னை அங்கிருந்து கிளப்பியது. தஞ்சாவூருக்கு வந்தோம். வாடகை மலிவு என்று பார்த்துக் குடி வந்த சந்து அரிசி மில்லுக்குப் பின்பக்கம். உமியும் தவிடும் கூரையில் படியும். என் சாமர்த்தியத்துக்கு இதற்கு மேல் என்ன சொல்வது.

மருந்தாளுநர் படிப்பு சொல்லிக்கொடுக்கும் ஒரு தனியார் கல்லூரி அப்போது இருந்தது, இப்போது இல்லை. அங்கே பிராணிகள் வளர்க்கும் கொட்டகையைக் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். ஆளும் கட்சிக்காரர் ஒருவர் சிபாரிசுச் சீட்டுக் கொடுத்தார். நான் வேறு கொடி பிடித்தவன் என்று தெரிந்தேதான் கொடுத்தார். அவருடைய தங்கைக்கும் இளைப்பாம்.

கொட்டகையில் எலி, முயல், அப்புறம் கினிப்பன்றி. பன்றி என்று பெயர்தானே தவிர எலிக்கும் முயலுக்கும் நடுவில் ஒரு ஜீவன், ஒரு வம்பு தும்புக்குப் போகாது. அதற்கும் நம்மைப் போலவே மூச்சுக்குழல் சுருங்குமாம். அங்கே பாடம் நடத்திய ஒரு மேடம் அதை வைத்து ஆராய்ச்சி பண்ணினார். சின்ன வயசு, சீர்காழிப் பக்கத்துப் பெண். என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார். செடிகளில் இருக்கும் சத்தைத் தனியே பிரித்து, அது ஆஸ்துமாவுக்குக் கேட்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஆஸ்பத்திரியில் மூச்சிரைப்புக்குப் போடுகிற ஊசி மருந்துக்கு மூலம் தேயிலையில் இருக்கிறது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அதை வீட்டில் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து என் மனைவி ஒரு டீ கூடுதலாகக் கேட்க ஆரம்பித்தாள். மருந்து, மருந்து என்பாள்.

மேடம் முதலில் ஆடாதோடையை எடுத்துக்கொண்டார், பிறகு தூதுவளை. ஒருநாள் கூண்டு கழுவிக்கொண்டே நான் நஞ்சறுப்பானைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். கிடைக்காரி, ஆறு காலை, உப்பு தெரியாமல் போவது எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். கோட்டையைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. மறுவாரம் ரயில் பாதையோரத்து வேலியில் அந்தக் கொடியைக் கண்டுபிடித்து ஒரு கூடை கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு துண்டை வெட்டி வந்து வீட்டு வாசலிலும் நட்டேன். கொடி பிடித்துக்கொண்டது. அவள் மறுபடி இலை தின்ன ஆரம்பித்தாள், இந்தத் தடவை பச்சையாக. மில் ஓடுகிற மாதங்களில் கொஞ்சம் தாங்கியது போலத்தான் இருந்தது. எதிர்வீட்டுப் பெண்களிடம், என் இலையைக் காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிறார்கள் என்று சொல்லிக்கொள்வாள். வாழ்க்கையில் அவள் பெருமையடித்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஆராய்ச்சி இப்படி. ஒரு கண்ணாடிப் பெட்டி, மேலே மூடி. கினிப்பன்றியை உள்ளே விட்டு மூடிவிட்டு, மூச்சுக்குழலைச் சுருக்கும் ஒரு மருந்தைக் குழாய் வழியாகப் பனி மாதிரி தெளிப்பார்கள். அதற்கு மூச்சு முட்ட ஆரம்பித்து, தள்ளாடி விழப்போகும் நேரத்தில் மூடியைத் திறந்து வெளியே எடுத்துவிட வேண்டும். எத்தனை நேரம் தாங்கியது என்பதுதான் கணக்கு. சிலவற்றுக்கு முன்கூட்டியே இலைச் சாற்றைக் கொடுத்திருப்பார், சிலவற்றுக்கு வெறும் தண்ணீர். எது எதற்கு என்று எனக்குத் தெரியாது, முதுகில் போட்ட சாயக்குறி அவருக்கு மட்டும்தான் புரியும். இலைச் சாறு குடித்தவை கூடுதல் நேரம் தாங்கினால் இலையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் நாளே நான் கவனித்துவிட்டேன். மேடம் தள்ளாட்டத்துக்காகக் காத்திருந்தார். எனக்கு அதற்கு வெகு முன்னாலேயே தெரிந்தது. மூக்கு விரிகிறது, விலா உள்ளே போகிறது, சத்தம் நிற்கிறது. சொன்னேன். அவர் அசந்துபோனார். என் கண்ணுக்கு அது பிடிபடுவதற்குள் நீங்கள் சொல்லிவிடுகிறீர்களே, இனிமேல் விழப்போகிற நேரத்தை நீங்களே பார்த்து மூடியைத் தூக்குங்கள், தூக்கும்போது நான் கடிகாரத்தை நிறுத்துகிறேன் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மூன்று நாளில் எனக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். மூக்கு விரிந்ததும் என் கை மூடிக்குப் போய்விடும். விழும்வரை பொறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பொறுக்க முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது தோளைத் தூக்கித் தூக்கி இறக்கும்போது, சாக்குத் திணித்த கதவும் அந்தக் குடிசையும்தான் எனக்குத் தெரிந்தன. அப்போது திறந்திருக்க வேண்டிய கதவை இப்போது திறப்பது போலத் திறந்தேன். போகப் போக மூக்கு விரிவதற்குக்கூட நான் காத்திருக்கவில்லை. பனி நிறைய ஆரம்பித்ததுமே, இதோ வரப்போகிறது என்று தூக்கிவிடுவேன். "ஆச்சு மேடம்" என்பேன். அவர் கடிகாரத்தை அமுக்குவார், எழுதுவார். என்னை அவ்வளவு நம்பினார். கினிப்பன்றி எவ்வளவு நேரம் தாங்கும் என்று அந்தக் கடிகாரம் காட்டவே இல்லை, நான் எவ்வளவு நேரம் தாங்குவேன் என்பதைத்தான் காட்டியது. இது அன்றைக்கே எனக்குத் தெரியுமா என்றால், பாதி தெரியும். ஒரு ஜீவனுக்கு நல்லது செய்கிறோம், இதில் என்ன தப்பு என்று மீதிப் பாதியை மூடி வைத்திருந்தேன்.

ஆறு மாதம் ஓடியது. ஒருநாள் மத்தியானம் மேடம் நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது.

"நீங்க ஆசைப்பட்டு கொண்டாந்தீங்க. ஆனா இலையில ஒண்ணும் இல்லீங்க. குடுத்ததுக்கும் குடுக்காததுக்கும் ஒரே நேரந்தான் வருது."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். மேடம், இன்னொரு தடவை பண்ணுங்கள், மூடியை நீங்களே தூக்குங்கள் என்று ஒரு வரி போதும். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தப் பெண் என் கண்ணை நம்பி ஆறு மாதம் உழைத்தது. அதன் முகத்தைப் பார்த்து நான் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் வேறு செடியை எடுத்தார். கோடை விடுமுறையில் அவருக்குக் கல்யாணமாகி வடக்கே எங்கோ போய்விட்டார். விலாசம் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மேடம் நோட்டை மூடிவைத்த அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது என் மனைவி முறத்தில் அரிசி புடைக்காமல் கையால் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். புடைத்தால் தூசு. மேடம் முடிவு சொல்லிவிட்டாரா என்று கேட்டாள். நான் பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வேண்டிய நேரத்தில் வராது. ஒன்றும் இல்லையாம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் கல்லையே பொறுக்கினாள். பிறகு, சரி என்றாள்.

மறுநாள் காலை அவள் கொடிப் பக்கம் போகவில்லை. அன்றைக்கு நாலாவது காலை, இன்னும் மூன்று இலை பாக்கி. நானே ஒரு இலையைக் கிள்ளி, மிளகோடு அவள் முன்னால் வைத்தேன். அவள் தொடவில்லை. படித்த பெண், ஆறு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறது, ஒன்றும் இல்லாத இலைக்கா இத்தனை நாள் வாயைப் புண்ணாக்கிக்கொண்டேன் என்றாள். எதிர்வீட்டில் சொல்லிக்கொண்டதை நினைத்து வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை.

"இலை மேல தப்பில்ல. மூடிய நான் சீக்கிரம் தொறந்துட்டேன். ஒவ்வொண்ணுக்கும் அப்படித்தான் தொறந்தேன். அதனாலதான் எல்லாம் ஒரே மாதிரி வந்துச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரம், சாயக்குறி, என் கை, குடிசைக் கதவு. அவள் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள். மூச்சு போதாதவர்கள் சிரிக்கிற சின்னச் சிரிப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக இவ்வளவு பெரிய பொய்ய யோசிச்சீங்களா? கோட்டையில வெச்சதும் எனக்காகத்தான். போதுங்க."

நான் சத்தியம் பண்ணினேன். கோபப்பட்டேன், கத்தினேன், எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு கத்தினேனோ அவ்வளவுக்கு அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவளிடம் பொய் சொன்னதே இல்லை. சொல்லத் தெரியாதவன் என்று என்னைக் கேலி பண்ணியவள், என் வாழ்க்கையின் பெரிய உண்மையைப் பொய் என்று எடுத்துக்கொண்டாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாசலில் கொடி கூரைவரை ஏறிக் காய்த்து, பஞ்சு பஞ்சாக விதை பறந்தது. அவள் ஒரு இலை கிள்ளவில்லை.

அதற்கு அடுத்த தையும் தாண்டினாள். அதற்கடுத்த தையைத் தாண்டவில்லை. இலையைத் தின்றிருந்தால் தாண்டியிருப்பாளா? தெரியாது. தின்ற வருஷங்களிலும் இளைப்பு வந்ததுண்டு, தின்னாமல் இருந்தும் ஒரு தை தாண்டினாள். அந்த இலையில் ஏதாவது இருந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க இந்த ஊரில் ஒரே ஒரு பெண் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தது. மூடி என் கையில் இருந்தது.

அவள் தாண்டாத அந்தத் தையில் ஒருநாள், காலை பத்து மணி இருக்கும், மில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு மூக்கு விரிந்தது, குழி விழுந்தது, பேச்சு நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எதிர்வீட்டுப் பெண் ரிக்ஷா கூப்பிட ஓடினாள். நான் வாசக்கதவைத் திறந்தேன். கொல்லைக்கதவைத் திறந்தேன். ஜன்னலைத் திறந்தேன், அதன் பலகை சிக்கிக்கொண்டு வராததால் பெயர்த்து எறிந்தேன். கூரைக் கீற்றில் ஒரு பக்கத்தைப் பிய்த்துவிட்டு வெளிச்சம் விழுந்த இடத்தில் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். ரிக்ஷா இன்னும் வரவில்லை. வேறு எதைத் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை.